சரியாமல் நின்ற சரிவு

ரெக்ஸ்டேல்
9 நவம்பர் 2025

திலக்சன்,

செப்டெம்பரில் நான் ரெலிபோனில் கத்தியதும் நீ பாதியில் வைத்ததும் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீ பாதியில் வைக்க முடியாது பார்.

அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்றைக்கும் கேட்கிறேன். பனி பார்க்கிறதற்கு ரொறொன்ரோவில் பனி இல்லையா? இன்று காலையில் கதவைத் திறந்தால் ஊரெல்லாம் வெள்ளை. அம்மா வாசலில் உப்பைக் கொட்டிவிட்டு, "அவன் நிண்டிருந்தா வழிச்சிருப்பான்" என்று எனக்குக் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்காவுக்குக் கலியாணம் என்று தெரிந்துகொண்டே நாலாயிரம் கிலோமீற்றர் தள்ளிப் போய் மலையில் ஏறி இருக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசெம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, பகல் முகூர்த்தம். அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும், பிறகு தைக்குத்தான். மண்டபம், ஐயர், சாப்பாடு எல்லாம் சொல்லியாயிற்று. உன் வருங்கால அத்தான் அன்புராசா உன்னை இன்னும் நேரில் பார்த்ததில்லை. வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் திருத்துகிறவர் என்பதால் டிசெம்பரில் அவருக்கு மூச்சுவிட நேரம் இல்லை. அவரே மூன்று நாள் லீவு எடுத்திருக்கிறார். நீ எத்தனை நாள் எடுக்கிறாய்?

அக்கா துர்க்கா

*

மலைவிடுதி, கோல்டன் நகரத்துக்கு மேலே, பிரிட்டிஷ் கொலம்பியா
14 நவம்பர்

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை, பாருங்கள், தமிழிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டு விடுங்கள். இங்கே தண்ணீரில் ஓடுகிற சின்ன மின்சாரம்தான், அதுவும் இப்போது உறையத் தொடங்கிவிட்டது. காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இணையம் போடுவார்கள். மின்னஞ்சல் போகும், வரும். பேச முடியாது.

கட்டாயம் வருவேன். டிசெம்பர் 2 ஆம் திகதி சாமான் கொண்டுவருகிற ஹெலிகொப்ரரில் இறங்கி, மறுநாள் கல்கரியில் பிளேன் ஏறுகிறேன். ரிக்கெற் எடுத்துவிட்டேன். வேட்டி எனக்குக் கட்டத் தெரியாது, அதற்கு ஓர் ஆளைப் பிடித்து வையுங்கள்.

ரொறொன்ரோவில் பனி இல்லையா என்று கேட்டீர்கள். அங்கே அது விழும், நாங்கள் வழிப்போம், முடிந்தது. இங்கே விழுந்தது போகாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடக்கும். ஒக்ரோபரில் கொஞ்சம் விழுந்தது. பிறகு இரண்டு கிழமை வானம் வெளித்து நல்ல குளிர். அந்த முதல் பனி பிடிப்பை விட்டுச் சீனி மாதிரி ஆகிவிட்டது. கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க முடியாது, விரலுக்குள்ளால் கொட்டும். இப்போது அதற்கு மேலே காற்றோடு பெரிய பனி கொட்டி, பலகை போல இறுகியிருக்கிறது. மேலே நல்ல பலகை, கீழே சீனி. சரிவில் ஓர் ஆள் மிதித்தால் போதும், முழுப் பலகையும் வழுக்கி வரும். பனி குறைவாகக் கிடக்கிற இந்த முதல் மாதத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இவ்வளவு பனியில் என்ன நடக்கப்போகிறது என்று நினைப்பார்கள்.

என் வேலை, பனிச்சறுக்குக்கு ஆட்கள் போகிற சரிவில் குழி வெட்டி அதைப் பார்ப்பது. காலையில் ஸ்டெபனி எங்கள் எல்லாரையும் இருத்திக் கேட்பாள். அவள்தான் இங்கே பெரியவள், இருபது வருஷமாக இந்த மலையில் இருக்கிறாள். "இன்றைக்கு அந்தப் பக்கம் போவோமா?" ஒவ்வொருவரும் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். ஒரே ஓர் ஆள் இல்லை என்றால் போதும், ஒருத்தரும் போகமாட்டோம். ஏன் என்று கேட்கக் கூடாது. பிறகு கேலி பண்ணவும் கூடாது. நான் வந்த முதல் கிழமை எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். பெரியவர்கள் போவோம் என்றால் பிறகு நான் என்ன சொல்வது? ஸ்டெபனி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மரியாதைக்குச் சொல்கிற ஓம் தனக்கு வேண்டாம் என்றாள்.

அம்மாவை உப்பு அள்ள விடாதீர்கள். வழுக்கும்.

தம்பி

*

ரெக்ஸ்டேல்
22 நவம்பர்

தம்பி,

பிழை இருக்கத்தான் செய்தது. நான் சிரிக்கவில்லை, அம்மாவுக்கு வாசித்துக் காட்டி இரண்டு பேரும் அழுதோம். சீனி கதையைக் கேட்டு அம்மா, "அப்ப அவன் ஏன் அங்க நிக்கிறான்?" என்று கேட்டார். பதில் நீயே வந்து சொல்.

உங்கள் ஸ்டெபனியின் சட்டம் நல்ல சட்டம்தான். எங்கள் குடும்பத்தில் அதைக் கொண்டுவந்தால் ஒரு கலியாணமும் நடக்காது. நேற்றும் மங்கையற்கரசிச் சித்தி வந்தா. வந்து சோபாவில் இருக்க முதலே, "ரெண்டாந்தரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமே பிள்ளை? கோயில்ல ஒரு மாலையை மாத்திப்போட்டு வாறதுக்கு" என்றா. நான் ரீ ஊற்றிக் கொடுத்தேன். சீனி போடவில்லை.

எனக்கு ஆர்ப்பாட்டம் வேண்டுமடா. போன முறை எல்லாம் மற்றவர்களுக்காகச் செய்தது. இந்த முறை எனக்காக. மேளம் வேண்டும், மணவறை வேண்டும், கூறைச் சேலை வேண்டும். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது காலைக் கழுவி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் இருக்கிற தோழன் பெண்ணுக்குத் தம்பியாக இருக்க வேண்டும். அப்பாவும் இல்லை. அந்த மேடையில் என்னுடைய ஆள் என்று நிற்க நீ ஒருவன்தான் இருக்கிறாய். சித்தி தன் மகனை விடுகிறேன் என்கிறா. அவன் நல்ல பிள்ளைதான். ஆனால் நான் தூக்கி வளர்த்தது அவனை இல்லை.

காலைக் கழுவுகிற தோழனுக்கு மாப்பிள்ளை போடுகிற மோதிரத்தை அன்புராசா வாங்கிவிட்டார். அளவு தெரியாமல் தன் விரலுக்குப் போட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறார், பாவம். பெருவிரலில் போட வேண்டி வந்தாலும் பேசாமல் போட்டுக்கொள்.

அக்கா

*

மலைவிடுதி
3 டிசெம்பர்

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தரம் அழித்தேன்.

நேற்று ஹெலிகொப்ரர் வரவில்லை. இன்றும் வரவில்லை. முகில் மலையின் இடுப்பு வரைக்கும் இறங்கி நிற்கிறது, விடாமல் கொட்டுகிறது. திங்கட்கிழமைக்கு முதல் வெளிக்காது என்று அறிக்கை சொல்கிறது.

பனிச்சறுக்கில் இறங்கலாம், ஒரு பகல் பயணம். ஆனால் பாதி வழியில் மரமே இல்லாத ஒரு வெட்டைச் சரிவு இருக்கிறது. அதைக் குறுக்கே கடக்காமல் போக வேறு வழியில்லை. கீழே ஆழமான ஓடை. சரிந்தால் எல்லாம் அதற்குள்தான் போய் நிரம்பும். இன்று காலை அதன் கரையில் குழி வெட்டிப் பார்த்தேன். மண்வெட்டியை வைத்து மெதுவாகத் தட்டினேன். முழுத் துண்டும் வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. திரும்பி வரும்போது காலுக்குக் கீழே "வும்ப்" என்று ஒரு சத்தம், நிலம் கொஞ்சம் இறங்கினது. அடியில் சீனி உடைகிற சத்தம் அது. அதைக் கேட்டால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டெபனி இல்லை என்றாள். நானும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது உங்கள் முகம்தான் வந்தது.

என்னை மன்னியுங்கள் அக்கா.

திலக்சன்

*

ரெக்ஸ்டேல்
4 டிசெம்பர், காலை

திலக்சன்,

வாசித்தேன். மன்னிப்பு, முகில், சீனி எல்லாம் வாசித்தேன்.

நவம்பரிலேயே இறங்கியிருக்கலாம். ஒரு கிழமை முதலே வந்து நின்றிருக்கலாம். யாருடைய கலியாணம் என்று நினைத்தாய்? கடைசி ஹெலிகொப்ரரை நம்பி இருந்தவன் நீதானே. உனக்கு எப்போதும் வேலைதான் முதல், மற்ற எல்லாம் கடைசி ஹெலிகொப்ரரில்தான் வரும்.

சித்தியின் மகனுக்கு வேட்டி வாங்கியாயிற்று. இனி நீ வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று.

துர்க்கா

*

மலைவிடுதி
4 டிசெம்பர், பின்னேரம்

அக்கா,

நீங்கள் காலையில் எழுதியது இப்போதுதான் கிடைத்தது. அதற்குள் ரேடியோவில் எங்கள் ஒஃபிசில் இருந்து அறிவித்தல் வந்துவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில், சீரியஸ், மகனை உடனே அனுப்பச் சொல்லி வீட்டிலிருந்து ஆள் எடுத்ததாம். ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? காலையில் என்னோடு கோபித்து எழுதும்போதே அம்மாவுக்கு ஏலாமலா இருந்தது? இல்லாவிட்டால் அதற்குப் பிறகா? நெஞ்சா?

ஸ்டெபனி மனம் மாறிவிட்டாள். என்னைத் தனியாக விடமாட்டாளாம், தானும் வருகிறாள், எங்களோடு வேலை செய்கிற ரொபினும் வருகிறான். ஒருவர் ஒருவராக இடைவெளி விட்டுச் சரிவைக் கடப்போம். நாளைக்கு விடியவே வெளிக்கிடுகிறோம். எல்லாரையும் கேட்டாள், எல்லாரும் ஓம் சொன்னோம். பொழுதுபட முதல் ரோட்டுக்கு வந்துவிடுவேன், சனிக்கிழமை ரொறொன்ரோவில் நிற்பேன்.

அம்மாவிடம் நான் வருகிறேன் என்று காதுக்குள் சொல்லுங்கள். அவருக்குக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தம்பி

*

ரெக்ஸ்டேல்
4 டிசெம்பர், இரவு

தம்பி, என் குஞ்சு,

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. திரும்பவும் எழுதுகிறேன், அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. இப்போது குசினியில் நின்று பயற்றம் பணியாரம் சுடுகிறார். வெளிக்கிடாதே. வெளிக்கிடாதே.

சித்தியின் வேலை. உன் கடிதத்தை வாசித்ததும் யார் எடுத்திருப்பார்கள் என்று விளங்கிவிட்டது. போனைப் போட்டேன். "ஓம், நான்தான் எடுத்தனான், அதுக்கென்ன இப்ப?" என்கிறா. "அம்மா சீரியஸ் எண்டு சொன்னாத்தானே பிள்ளை வெள்ளைக்காரன் லீவு தருவான். நான் ஃபாக்ரரியில வேலை செய்யேக்க ஊரில எத்தினை பேரைச் சாகக் குடுத்து லீவு எடுத்தனான்!" லீவு பிரச்சினை என்றுதான் அந்த மனுசி நினைத்திருக்கிறா. பனி என்றால் அவவுக்கு வாசலில் வழிக்கிற பனிதான். நான் விளங்கப்படுத்தினேன். பிறகு அழத் தொடங்கிவிட்டா. எனக்கு ஆற்றக்கூட நேரமில்லை, வைத்துவிட்டேன். உங்கள் ஒஃபிசுக்கு ஐந்தாறு தரம் அடித்தேன், பூட்டிவிட்டார்கள், மெசின்தான் பேசுகிறது. அதிலும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. கடவுளே, இதை நீ வாசிக்க வேண்டும்.

நான் காலையில் எழுதியது ஒன்றையும் மனதில் வைக்காதே. நான் விசரி. வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. முதல் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னம் அந்த மனுசன் என் போனை வாங்கி, யார் யாரோடு கதைத்திருக்கிறேன் என்று என் முன்னாலேயே இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறங்கினது. உன்னுடைய "வும்ப்" என்ற சத்தத்தை வாசித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கேட்டது தம்பி, எனக்கு நல்லாகக் கேட்டது. ஆனால் மண்டபம் சொல்லியாயிற்று, ஐந்நூறு பேருக்குக் கார்ட் கொடுத்தாயிற்று, எல்லாரும் ஓம் சொல்லியாயிற்று. நான் தொடர்ந்து நடந்தேன். அதற்குள்ளிருந்து வெளியில் வர எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.

உங்கள் சட்டப்படி ஒருத்தர் இல்லை என்றால் போதும் என்று எழுதினாய். நான் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் இல்லையா? எனக்காகத்தானே நீ நடக்கப் பார்க்கிறாய். அப்படியென்றால் ஸ்டெபனியிடம் போய்ச் சொல்லு. துர்க்கா இல்லை என்கிறாள். கலியாணப் பொம்பிளை இல்லை என்கிறாள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

கிடைத்தவுடன் ஒரு சொல் எழுது. நான் கம்பியூட்டரை விட்டு எழும்பமாட்டேன்.

அக்கா

*

மலைவிடுதி
5 டிசெம்பர்

அக்கா,

இருக்கிறேன்.

காலையில் சப்பாத்துப் பூட்டிக்கொண்டு நின்றோம். ஸ்டெபனி வானிலை அறிக்கை எடுக்க இணையத்தைப் போட்டாள். பிளேன் நேரத்தை உங்களுக்கு அனுப்பலாம் என்று நானும் திறந்தேன். வாசித்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அம்மா செத்துப்போனார் என்று நினைத்து ரொபின் என் தோளைப் பிடித்தான். "இல்லை, பலகாரம் சுடுறா" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முழுக் கடிதத்தையும் அவர்களுக்கு இங்கிலிசில் சொன்னேன், முதல் கலியாணத்தை விட்டுவிட்டு. ஸ்டெபனி கோபிப்பாள் என்று பயந்தேன். கோபிக்கத்தான் செய்தாள். கையுறையைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள். பிறகு வந்து பக்கத்தில் இருந்து சொன்னாள், "நேற்றே எனக்கு இது சரியாப் படேல்லை. சாகக் கிடக்கிற அம்மாவுக்கு எதிராக யார் இல்லை சொல்லுறது? அதால ஓம் எண்டன்." ரொபினும் அதையேதான் சொன்னான். நானும்தான் அக்கா. மூன்று பேரும் பயந்துகொண்டே ஓம் சொல்லியிருக்கிறோம்.

"உன்ர அக்கா இல்லை எண்டு சொல்லியாச்சு, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

சித்தியை ஏசாதீர்கள். அவவுக்குத் தெரியாது.

நல்லாக இருங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை நல்லாக வெளிக்கிட்டு, வடிவாக இருங்கள்.

தம்பி

*

மலைவிடுதி
7 டிசெம்பர், பின்னேரம்

அக்கா,

இப்போது தாலி கட்டி முடிந்திருக்கும், சாப்பாடும் முடிந்திருக்கும். நான் இதை எழுதாமல் இருந்தால் நல்லது, ஆனால் மூன்று நாளாக என்னைத் தின்கிறது.

முகில் இன்றைக்கே கலைந்துவிட்டது. விடியவே தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மேட்டில் போய் இருந்தேன். அந்தச் சரிவு முழுக்கத் தெரிந்தது. வெள்ளிக்கிழமையும் அது சரியவில்லை, நேற்றும் சரியவில்லை. இன்று முகூர்த்த நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மத்தியானம் ஒரு மலையாடு சாவகாசமாக அதைக் குறுக்கே கடந்து போனது.

சரிந்திருந்தால், பார்த்தீர்களா, நல்லகாலம் என்று உங்களுக்கு எழுதியிருப்பேன். நின்றுவிட்டது அக்கா. நான் வந்திருக்கலாம். உங்கள் பக்கத்தில் நின்றிருக்கலாம். ஒருவேளை ஒன்றும் நடந்திருக்காது. ஸ்டெபனியிடம் சொன்னேன். இந்த வேலையில் முக்கால்வாசி நாள் இப்படித்தானாம், திரும்பினது சரியா பிழையா என்று யாரும் வந்து சொல்லமாட்டார்களாம். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

திலக்சன்

*

ஸ்ரௌவ்வில்
9 டிசெம்பர்

தம்பி,

இடத்தைப் பார். அன்புராசாவின் வீடு இங்கேதான், நான் இப்போது ஸ்ரௌவ்வில்காரி. பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டியிருக்கிறது. அம்மா அடுத்த கிழமை இங்கே வருகிறார், கூட இருப்பதற்கு இல்லை, குசினியைச் சோதிப்பதற்கு.

கலியாணத்தைச் சொல்கிறேன். சித்தி அன்றைக்கு என்னைப் பார்க்கவே கூசினா. வாசலில் அவவின் மகன் வேட்டியும் செம்புமாக நின்றான். அன்புராசா வந்து, "தம்பி கழுவ வேண்டிய கால், வேற ஆரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செம்பை வாங்கித் தன் காலைத் தானே கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். டிசெம்பர்க் குளிரில் அந்தத் தண்ணீர்! ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். அன்புராசாவுக்குப் பக்கத்தில் தோழனின் இடத்தை வெறுமையாகவே விட்டோம். எல்லாப் படத்திலும் அந்த வெறும் இடம் இருக்கிறது. சித்தி அதைப் பார்த்துப் பார்த்து அழுதா. கடைசியில் நான்தான் போய், "விடுங்கோ சித்தி" என்று கட்டிப்பிடித்தேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். ஏனடா பிழை செய்தவன் மாதிரி எழுதுகிறாய்? சரிவு சரியாமல் நின்றது உனக்கு எதிரான சாட்சியா? அந்த ஆடு போனதென்றால் ஆடு போகட்டும். அதற்கு அக்கா இல்லை. அது நிற்க வேண்டும், நூறு வருஷம் நிற்க வேண்டும், நீ அதைப் பார்த்து "வந்திருக்கலாம், வந்திருக்கலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் எனக்கு எழுத வேண்டும். நான் ஒவ்வொரு வருஷமும் உன்னை ஏச வேண்டும். அந்த ஏச்சை வைத்துக்கொண்டு நான் சந்தோசமாக இருப்பேன். மற்றது நடந்திருந்தால் எனக்கு ஏச யார் இருக்கிறார்கள்?

எனக்கு உன்மேல் கோபமில்லை. உண்மையைச் சொன்னால் மணவறையில் இருந்து கொஞ்சம் கோபித்தேன். தாலி ஏறும்போது நீ நிற்க வேண்டிய பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன், பழக்கதோஷம். கண் நிரம்பிவிட்டது. வீடியோக்காரன் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கிட்ட வந்து எடுத்தான். அதுவும் பொய்யில்லை.

மண்டபத்துக்கு வந்த சனத்துக்கெல்லாம் ஒரே கேள்விதான். "தம்பி வரேல்லையோ? சொந்தத் தம்பி இல்லாமல் என்ன கலியாணம்?" முதலில் கேட்டவர்களுக்கு ஹெலிகொப்ரர், முகில், சீனி என்று எல்லாம் விளங்கப்படுத்தினேன். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பிறகு களைத்துப்போனேன். சாப்பாட்டு மேசையடியில் ஓர் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு, "தம்பிக்கு என்ன பிள்ளை? ஏன் வரேல்லை?" என்று கேட்டா.

"வரேல்லை, அன்ரி" என்றேன். "உயிரோட இருக்கிறான்."

அக்கா